உடைந்த பழங்காலக் கைத்துப்பாக்கிக்கு என்ன மதிப்பு? உதிரிபாகமாக விற்பதா, புதுப்பிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கைத்துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதும் மதிப்பிடுவதும் என் வேலை. துருப்பிடித்து, குதிரை (அடிக்கும் சுத்தி) ஒடிந்து, மரக்கட்டை விரிந்து வருகிற ஒவ்வொன்றோடும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை.

பழைய பெட்டியில் ஒரு துப்பாக்கி கிடைத்தது. முதலில் என்ன செய்வது?

உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். விலை, பெயர், காலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பல, கெட்டித்தபடியே மறக்கப்பட்டவை. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு, நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் வெடிக்கும். ஊறிப்போயிருக்கும் என்று நம்பி எதையும் செய்யக் கூடாது.

சோதிப்பது எளிது. துப்பாக்கியின் வாய் யாரையும் பார்க்காதபடி, உங்கள் முகமும் நேரே வராதபடி பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய மரக்குச்சியை வாய்வழியாக மெதுவாக இறக்குங்கள். அது நிற்கும் இடத்தில் குச்சியில் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, குழலின் பின்பக்கம் நெருப்புப் போகும் சிறு துளை வரை எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது.

ஒரு முறை என்னிடம் வந்த, கல் உரசி எழும் பொறியால் பற்றும் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கியில் குச்சி இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. கொண்டுவந்தவர் அதைக் குழந்தைகள் கையில் கொடுத்திருந்ததாகச் சொன்னார். முறைப்படி வெளியே எடுத்தபோது முதலில் ஒரு தாள் உருண்டை, பிறகு ஈயக்குண்டு, அதன் பின்னால் கரகரவென்று உலர்ந்தே இருந்த கருமருந்து. இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். துளை போடுவது, சூடு காட்டுவது, தட்டுவது எதுவும் கூடாது. பழந்துப்பாக்கி தெரிந்த பணியாளரிடமோ உள்ளூர் அதிகாரிகளிடமோ ஒப்படையுங்கள். சிலிண்டர் உள்ள ரிவால்வர் என்றால் ஒவ்வோர் அறையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் சுத்தம் செய்துவிட்டுக் காட்டலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். உடைந்த துப்பாக்கியை நான் மதிப்பிட முடியும். தேய்க்கப்பட்ட துப்பாக்கியில் மதிப்பிட எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒருவர் நல்ல எண்ணத்தோடு லாக்கின், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் இயங்குபொறியின், பக்கத்தகட்டை வயர் பிரஷ் பூட்டிய டிரில்லால் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார். தேய்ப்பதற்கு முன் எடுத்த மங்கலான படம் ஒன்று அவர் கைபேசியில் இருந்தது. துருவுக்கடியில் செய்தவரின் பெயர் ஒரு வரியாக ஓடுவது அதில் தெரிந்தது. என் கையில் இருந்த தகட்டில் மிஞ்சியது கடைசி எழுத்தின் வால் மட்டும். தகட்டின் ஓரங்கள் சோப்புக் கட்டிபோல மழுங்கியிருந்தன. அந்தப் பெயரை எந்தப் பணத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புதிதாக வெட்டினால் அது மோசடி.

உப்புத்தாள், எமரி, துரு நீக்கும் அமிலம், பித்தளை பாலிஷ் எதுவும் தொடக் கூடாது. அம்மோனியா கலந்த பாலிஷ் பித்தளையில் நுண்ணிய வெடிப்புகளையும் உண்டாக்கும். காலப்போக்கில் இரும்பின்மேல் படிந்த பழுப்புக் கருமையைத்தான் பாட்டினா என்கிறோம். சேகரிப்பாளர் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். செந்தூளாக உதிரும் துரு மட்டுமே இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. அதை நிறுத்த மெல்லிய எண்ணெய் தடவி, மென்துணியால் ஒற்றி எடுத்து, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். மற்றது பிறகு.

இதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்தவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. பிரிட்டனில் 2021இல் வந்த விதிகள், ஆண்டோடு சேர்த்து எந்தத் தோட்டா, எந்த வகைப் பற்றவைப்பு என்றும் பார்க்கின்றன. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் உள்ள பழைய ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். சில இடங்களில் உடைந்திருப்பதே உங்களுக்கான பாதுகாப்பு. புதுப்பித்து இயங்க வைத்தால் சட்ட நிலை மாறிவிடலாம். ஆகவே முதலில் உங்கள் ஊர் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலையை அதன் பிறகு தொடங்குங்கள்.

நிஜமாகவே பழசுதானா, நகலா?

சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளை ஒரு காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த லாக்கிலும் குழலிலும் காந்தம் ஒட்டாது. அச்சு வார்ப்பின் இணைப்புக்கோடும் தெரியும். கைப்பிடியின் அடிமூடி போன்றவை உண்மையான துப்பாக்கியிலும் பித்தளையாக இருக்கும் என்பதால், அங்கே காந்தம் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

சுடக்கூடிய நகல்களைக் கண்டுபிடிப்பது சிரமம். 1950களின் பிற்பகுதி முதல் இத்தாலியில், அமெரிக்காவின் கோல்ட் நிறுவன ரிவால்வர்களின் நகல்கள் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. அவற்றில் முதலில் வந்தவை இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டிய பொருள்கள். துருவும் தேய்மானமும் அவற்றுக்கும் உண்டு. இத்தாலியச் சோதனை முத்திரையும் (குழல் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்துப் போடும் அடையாளம்), ஆண்டைக் குறிக்கும் சிறு பெட்டிக்குள் எழுத்தும் இருக்கின்றனவா என்று குழலடியிலும் சட்டகத்திலும் பாருங்கள். இன்னோர் அடையாளம்: கோல்ட் தன் 1851 நேவி மாதிரியின் சட்டகத்தை இரும்பில் செய்தது. பித்தளைச் சட்டகம் உள்ள ‘நேவி’ உங்களிடம் இருந்தால், அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களில் செய்த அரிய பிரதியாக இருக்கலாம். ஆனால் அப்படி என்னிடம் வந்தவை எல்லாம் இருபதாம் நூற்றாண்டு நகல்களே.

திருகாணிகளையும் பாருங்கள். பழைய கைவேலைத் திருகாணியின் தலையில் உள்ள வெட்டு, அரத்தால் அறுத்த மெல்லிய கோடாக இருக்கும். திருகாணிப் புரிகளுக்குப் பொது அளவு ஒன்றை ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் முன்வைத்ததே 1841இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு புரி.

யார் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரைவிடச் சோதனை முத்திரையை நம்புங்கள். லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைக் கூடம் 1813இல் வந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரை, ஒரு நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று ரோமன் எழுத்துகளைக் கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்தவற்றில் முந்தைய காலத்தில் நான்காகப் பிரித்த இதய வடிவமும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் இருக்கும்.

பெயர்கள் ஏமாற்றும். லண்டனின் மேன்டன் சகோதரர்கள் போன்ற புகழ்பெற்றவர்களின் பெயரை, அவர்கள் காலத்திலேயே பிறர் தங்கள் மலிவுத் துப்பாக்கிகளில் வெட்டினார்கள். எழுத்துப்பிழையோடு ஒரு பெரிய பெயர் இருந்தால் மகிழ்ச்சியை ஒத்திவையுங்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்க இருட்டறையும் ஒரு டார்ச் விளக்கும் போதும். ஒளியைத் தகட்டோடு படுக்கையாகப் பாய்ச்சினால், நேரே பார்த்தபோது இல்லாத கோடுகள் நிழலாக எழும். அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நிலையை எந்தச் சொற்களால் குறிப்பது?

அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பழந்துப்பாக்கி நிலைப் பட்டியலைத்தான் வணிகர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். சேதமானவற்றுக்கு அதன் கீழ்ப்படிகள் பொருந்தும். ‘நன்று’ என்றால் சிறு பாகங்கள் மாறியிருக்கலாம், லேசான குழித்துரு இருக்கலாம், முக்கிய எழுத்துகள் படிக்கக் கிடைக்க வேண்டும், இயங்க வேண்டும். ‘சுமார்’ என்றால் பெரிய பாகங்கள் சிலவும் மாறியிருக்கலாம், எழுத்துகள் பாதி அழிந்திருக்கலாம், ஆனால் எளிதில் இயங்க வைக்க முடிய வேண்டும். ‘மோசம்’ என்றால் ஆழக் குழிவிழுந்து, எழுத்தழிந்து, இயங்காமல் கிடப்பது. உதிரிபாகமா, புதுப்பிப்பா என்ற கேள்வி கடைசி இரண்டு படிகளில்தான் எழுகிறது.

எந்தப் பாகத்துக்கு மதிப்பு அதிகம்?

ஒரு பாகம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதால் அதற்கு விலை வருவதில்லை. அந்தப் பாகம் இல்லாமல் தவிக்கும் துப்பாக்கிகள் உலகில் எத்தனை இருக்கின்றன, இது அவற்றில் பொருந்துமா என்ற இரண்டும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒவ்வொன்றும் கையால் இழைத்துப் பொருத்தியது. ஒன்றின் லாக் இன்னொன்றின் கட்டையில் உட்காராது. பாகங்களை மாற்றிப் போடும்படி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு அமெரிக்க அரசு சிமியோன் நார்த்திடம் 20,000 கைத்துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது 1813இல். அதற்கு முந்தைய கைவேலைத் துப்பாக்கியைப் பிரித்தால், பெரும்பாலும் ஒன்றுக்கும் பொருந்தாத அழகான துண்டுகள்தான் மிஞ்சும்.

கோல்ட் ரிவால்வர்களின் கதை வேறு. 1851 நேவி இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1860 ஆர்மி ஏறத்தாழ இரண்டு லட்சம். குழலைப் பிடித்துவைக்கும் ஆப்பு தொலைந்தது, மருந்து அமுக்கும் நெம்புகோல் ஒடிந்தது, விசைக்காப்பு வளையம் போனது என்று எத்தனையோ இன்றும் கிடக்கின்றன. ஆகவே இனிப் பழுதுபார்க்க முடியாத ஒரு கோல்ட்டின் பாகங்களும் விலைபோகும். அதிலும் சிலிண்டரைக் கூர்ந்து பாருங்கள். 1843 மே மாதத்தில் மெக்சிகோக் கரையோரம் நடந்த கம்பேச்சே கடற்போர்க் காட்சி அதைச் சுற்றி உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றில் அது தேய்ந்து போயிருக்கும். கப்பலின் பாய்மரக் கயிறுகள் விரல்நுனிக்குத் தட்டுப்படும் அளவுக்கு மிஞ்சியிருந்தால், உடைந்த துப்பாக்கியிலும் அந்தச் சிலிண்டர்தான் விலை.

அதே துப்பாக்கியில் குழல், சட்டகம், விசைக்காப்பு, பின்பட்டை, சிலிண்டர், ஆப்பு என எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். எண்கள் ஒத்துப்போகும் ஓர் ஏழைத் துப்பாக்கி, பல துப்பாக்கிகளைச் சேர்த்துக் கட்டிய பளபளப்பான ஒன்றைவிட மதிப்புள்ளது.

சக்கிமுக்கி வகையில் அதிகம் தொலைபவை, கல்லைக் கவ்வும் மேல்தாடையும் அதன் திருகாணியும், கல் உரசும் எஃகுத் தகடான ஃபிரிசனும், மருந்து இடிக்கும் கோலும். தாடையையும் கோலையும் புதிதாகச் செய்துவிடலாம். ஃபிரிசன் சிரமம்: வளைவு, கடினம், பற்றவைக்கும் மருந்து வைக்கும் கிண்ணத்தின் மேல் மூடும் இறுக்கம் மூன்றும் சரியாக வர வேண்டும். லியேஜில் குவியல் குவியலாகச் செய்த ஊசித்தோட்டா ரிவால்வர்கள் (தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டும் ஊசியைத் தட்டி வெடிப்பவை) உடைந்து வந்தால், பழுதுபார்க்கும் கூலி பெரும்பாலும் பொருளின் விலையையே தாண்டிவிடும்.

கணக்கு எப்படிப் போடுவது?

மூன்று எண்களை எழுதுங்கள். இப்படியே விற்றால் என்ன வரும். புதுப்பித்து, புதுப்பித்ததைச் சொல்லி விற்றால் வருவதில் வேலைக்கூலியும் பாகச்செலவும் போக என்ன நிற்கும். பிரித்து விற்றால், விலைபோகாத பாகங்களைக் கழித்து என்ன வரும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. நல்ல நிலையில் உள்ள அதே மாதிரியின் விலை 100 பங்கு என்று வையுங்கள். உங்களுடையதில் ஃபிரிசன் இல்லை, கட்டையின் கழுத்தில் விரிசல். இப்படியே 35 பங்குக்குப் போகும். புதுப்பித்தால் 65. ‘30 பங்கு லாபம்’ என்று மனம் துள்ளும். ஃபிரிசனுக்கு 10, நல்ல கையின் கூலிக்கு 25 கொடுத்த பிறகு கையில் நிற்பது 30. இருந்ததைவிட 5 குறைவு. பிரித்தால் லாக் 15, குழல் 8, பித்தளை உறுப்புகள் 7. விரிந்த கட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். அதுவும் 30தான், அதுவும் மாதக்கணக்கில் துண்டுதுண்டாக விற்ற பிறகு. தொடாமல் விற்பதே இங்கே சிறந்த வழி.

பலர் தவறுவது இரண்டாவது எண்ணில். புதுப்பித்த துப்பாக்கி, ஒருபோதும் கெடாத துப்பாக்கியின் விலையைத் தொடாது. ஏலங்களில் அச்சடித்து வரும் உயர்ந்த விலைகள் பெரும்பாலும் கெடாதவற்றின் விலைகள். உங்களுடையதை அதே அளவு சேதமான இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். ஏல விலையில் வாங்குபவர் செலுத்தும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரிடமிருந்தும் கமிஷன் போகும்.

விற்கப் போவதில்லை, குடும்பப் பொருளாக வைத்திருக்க வேண்டும் என்றால் இந்தக் கணக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது. தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஆனால் அடுத்த பதிலைப் படித்துவிட்டு.

புதுப்பிப்பதில் எது சரி, எது கூடாது?

திரும்பப் பிரிக்கக்கூடிய வேலை சரி. எதையாவது அரித்தெடுக்கும் வேலை கூடாது. விரிந்த கட்டையைச் சூட்டில் இளகும் வச்சிரப்பசையால் ஒட்டலாம், பின்னால் வருபவர் வேண்டுமானால் பிரிக்கலாம். எபாக்சி ஊற்றினால் அவர் மரத்தை உடைக்க வேண்டும். செய்துபோட்ட பாகத்தின் உட்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஆண்டைப் பொறித்துவிட வேண்டும். இரும்புக்கு மேற்காப்பாக நுண்படிக மெழுகு நல்லது. பிரிட்டிஷ் மியூசியம் 1950களில் தன் பொருள்களுக்காக உருவாக்கிய மெழுகு வகை அது. குழலை மறுபடி நீலமேற்றுவது (இரும்பின் மேற்பரப்பை நீலக்கருமையாக்குவது), மங்கிய பெயரை ஆழப்படுத்துவது, மரத்தை இழைத்து வார்னிஷ் அடிப்பது மூன்றும் மதிப்பைக் கொல்லும்.

பழைய பழுதுகளுக்குத் தனி மரியாதை உண்டு. ஒரு கைத்துப்பாக்கியின் ஒடிந்த கழுத்தைச் சுற்றி யாரோ மெல்லிய பித்தளைத் தகட்டை வளைத்து, தலை தட்டையான ஆறு சிறு ஆணிகளால் அடித்திருந்தார். ஆணித்தலைகள் உள்ளங்கை பட்டுப்பட்டு மரத்தோடு மரமாக வழுவழுத்திருந்தன. அந்தப் பட்டையைப் போட்ட பிறகும் அது பல ஆண்டு உழைத்திருக்கிறது. உரிமையாளர் அதை எடுத்துவிட்டு ‘அசலாக’ ஆக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். அதைப் பயன்படுத்தியவர் தன் காலத்தில் போட்ட பழுது அது. துப்பாக்கியின் வரலாற்றில் சேர்ந்தது.

கேப் வகையாக மாற்றிய சக்கிமுக்கித் துப்பாக்கியைப் பழையபடி மாற்றலாமா?

அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் தட்டினால் வெடிக்கும் பற்றவைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் கேப் (தட்டினால் வெடிக்கும் மருந்தடைத்த சிறு உலோகத் தொப்பி) வந்ததும் ஆயிரக்கணக்கான சக்கிமுக்கித் துப்பாக்கிகள் அதற்கு மாற்றப்பட்டன. அந்த மாற்றமும் உண்மையான வரலாறு. அதைத் திருப்பி மாற்றினால் புதிய குதிரை, புதிய கிண்ணம், புதிய ஃபிரிசன் எல்லாம் போலி வயதோடு உட்காரும். அனுபவமுள்ள கண், தகட்டில் அடைத்த பழைய துளைகளையும் கிண்ணத்தைச் சுற்றிய நிற வேறுபாட்டையும் உடனே பார்த்துவிடும். நான் இதைச் செய்வதில்லை.

ஜோடியில் ஒன்றுதான் இருக்கிறது, பெட்டியும் உண்டு. எப்படி?

ஜோடியில் ஒன்று, ஜோடி விலையில் பாதியை எட்டாது. ஆனால் பெட்டி, மருந்துக்குடுவை, குண்டு வார்க்கும் அச்சு இவற்றைத் துப்பாக்கியிலிருந்து பிரிக்காதீர்கள். மூடியின் உட்புறம் செய்தவரின் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தால் அதைத் தொடவும் வேண்டாம்.

மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது?

அதைப் புதுப்பிக்க முடியாது, பாதுகாக்கத்தான் முடியும். மண்ணின் உப்பு இரும்புக்குள் ஊறியிருக்கும். உலர உலர அடுக்கடுக்காக உரியும். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து, பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் உடனே கொடுங்கள். தொல்பொருள் விதிகள் இங்கே பொருந்தலாம். எங்கே, எப்படிக் கிடைத்தது என்ற எழுத்துச் சான்றில்தான் இதன் மதிப்பே இருக்கிறது.

யாரிடம் மதிப்பிடுவது?

அதை வாங்கப் போகிறவரிடம் வேண்டாம். நேர்மையானவராக இருந்தாலும் இரண்டு வேலையையும் ஒருவரே செய்யக் கூடாது. கட்டணம் பெற்றுக்கொண்டு எழுத்தில் தருபவரிடம் போங்கள். எதற்கான மதிப்பு என்றும் சொல்லச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கான மதிப்பு, ஏலத்தில் எதிர்பார்க்கும் விலை, வணிகர் இன்றே ரொக்கமாகத் தரும் விலை ஆகிய மூன்றும் வேறு வேறு எண்கள்.

தொலைவில் இருப்பவருக்குப் படம் அனுப்பினால் இரண்டு பக்கமும், மேலும் கீழும், லாக் நெருக்கத்தில், ஒவ்வொரு முத்திரையும் படுக்கை ஒளியில், அருகில் ஓர் அளவுகோலோடு எடுங்கள். சேதத்தை மறைக்கும் கோணம் வேண்டாம். பார்ப்பவர் முதலில் தேடுவதே அதைத்தான்.

எல்லாம் யோசித்து, பிரித்து விற்பது என்றே முடிவு செய்தேன். எப்படிச் செய்வது?

பிரிப்பதற்கு முன் முழுத் துப்பாக்கியையும் படமெடுங்கள். எல்லா எண்களையும் முத்திரைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சட்டகமோ குழலோ தனியாக உரிமம் கேட்குமா என்று விதியைப் பாருங்கள். திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி இழைத்த திருப்புளியை மட்டும் பயன்படுத்துங்கள். அசையாத திருகாணிக்கு எண்ணெய் விட்டு நாட்கணக்கில் காத்திருங்கள். குழலைப் பிடிக்கும் சிறு ஊசிகள் பல கூம்பு வடிவம். தவறான பக்கத்திலிருந்து தட்டினால் மரம் பிளக்கும்.

ஒரு லாக்கை அதன் பாகங்களாக உடைக்காமல் முழு லாக்காகவே விற்றுப் பாருங்கள். பெரிய ஸ்பிரிங்கை வெறுங்கையால் கழற்ற வேண்டாம், விரலும் போகும் ஸ்பிரிங்கும் போகும். ஒவ்வொரு பாகத்தோடும் முழுத் துப்பாக்கியின் படம் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். வாங்குபவர் அதை எதில் பொருத்தினாலும், அந்தப் பாகம் எதிலிருந்து வந்தது என்பது அதோடு போகட்டும்.